நீல உள்ளங்கை

கை கொடுத்தால் டெல்ஃபா ரூர்க் அதை உடனே திருப்பித் தரமாட்டார். பிடித்த கையை வெளிச்சத்துக்குத் திருப்புவார். கட்டைவிரலின் அடிச்சதையை அமுக்குவார். சுண்டுவிரலை மடக்கிவிட்டு, அது எவ்வளவு வேகமாக நிமிர்கிறது என்று பார்ப்பார். இது நடக்கும்போதே காற்றைப் பற்றியும் மாட்டு விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார். தேவாலயத்துக்குப் புதிதாக வந்த பாதிரியார் முதல் ஞாயிறன்று வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்தபோது, டெல்ஃபாவுக்குப் பின்னால் வரிசை உள்ளேவரை தேங்கியது.

"ஃபாதர், ஒங்களுக்கு நடுவெரல் நீளம். சின்னப் பிடி சரிப்படாது."

தன்னிடம் துப்பாக்கியே கிடையாது என்றார் பாதிரியார்.

"அதனால என்ன, கை இருக்குல்ல."

வயோமிங்கில் எங்கள் டன்பார் க்ரீக்கில் காலையும் பிற்பகலும் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர் அவர்தான். இடைப்பட்ட நேரத்தில் ரிவால்வர்களுக்குப் பிடிச்சட்டம் பொருத்துகிறார். பழைய பாணி ரிவால்வரை மட்டுமே தொடுவார். அதில் ஒவ்வொரு குண்டுக்கும், குண்டைத் தட்டும் சுத்தியலான ஹாமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தாக வேண்டும். இழுக்காமல் விசையை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஆகவே கட்டைவிரல் ஹாமரை எட்டுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைத் தீர்மானிப்பது உள்ளங்கைக்குள் உட்காரும் அந்த வளைந்த எஃகுத் துண்டு, பிடிச்சட்டம். தொழிற்சாலையில் அதைப் பொதுவான ஒரு கைக்குச் செய்கிறார்கள்.

"பொதுவான கைன்னு யாருக்கும் கெடையாது," என்பார் டெல்ஃபா. "நான் தேடிப் பாத்துட்டேன்."

வார்ப்பிலிருந்து கரடுமுரடாக வரும் சட்டத்தில் நீலச் சாயம் பூசி, நம்மைப் பிடிக்கச் சொல்வார். சாயம் எந்த இடத்தில் கைக்கு வருகிறதோ அந்த இடத்தில் எஃகு அதிகம். அதை அரத்தால் எடுப்பார். மறுபடி சாயம், மறுபடி பிடி. அந்தச் சாயம் ஒரு வாரத்துக்குப் போகாது. மளிகைக் கடையில் காசு நீட்டும் கை நீலமாக இருந்தால், "என்ன, டெல்ஃபாகிட்ட மாட்டிக்கிட்டியா?" என்று சிரிப்பார்கள். பேருந்தின் ஸ்டியரிங் நீலம். வெள்ளை நாய் பிஸ்கட்டின் தலை, தடவித் தடவி, நீலம். எங்கள் துப்பாக்கி கிளப்பில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவருக்கு 'நீலக் கை'. மெதுவாகச் சுடும் என் அப்பாவுக்கு, 'தாமத ரயில்'.

அப்பா ஏப்ரலில் போனார். வேலி பார்க்கக் கிளம்பியவர், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க ஸ்டியரிங்மேல் சாய்ந்திருந்தார். நான் காஸ்பரில் எண்ணெய்க் குழாய்களின் வெல்டிங்கைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர். ஊருக்கு வந்து தங்கினேன். செய்ய வேண்டியவற்றைச் செய்தேன். கிளப்பின் தொப்பிச் சுற்று மட்டும் மிச்சம் இருந்தது.

உறுப்பினர் ஒருவர் இறந்தால், அடுத்து வரும் போட்டியில் வேறு யாரும் சுடுவதற்கு முன்னால் அவர் வீட்டு ஆள் ஒருவர், அவருடைய துப்பாக்கியால் ஐந்து குண்டு சுட வேண்டும். இடது கையில் இறந்தவரின் தொப்பி இருக்கும். ஆகவே சுடுவதும் ஹாமரை இழுப்பதும் ஒரே கை. சுட ஆள் இல்லையென்றால், துப்பாக்கியை மேசையில் வைத்துத் தொப்பியால் மூடிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். ஒருமுறை அதைப் பார்த்திருக்கிறேன். அப்பாவின் தொப்பிக்கு அது நடக்கக் கூடாது.

அப்பாவின் கை மண்வெட்டி. அந்தக் கைக்கு டெல்ஃபா பொருத்திய பிடி என் கையில் விறகுக்கட்டை போல நிறைந்தது. கட்டைவிரல் ஹாமரின் நுனியைத் தொடவில்லை. தொடவைக்கப் பிடியை நழுவவிட்டால் குழல் தரையைப் பார்த்தது. திங்கட்கிழமை துப்பாக்கியோடு அவர் பட்டறைக்குப் போனேன். போட்டி சனிக்கிழமை.

கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டார்.

"அப்படியே ஒங்கம்மா கை, மாரிட். கட்டவெரல் மட்டும் உங்கப்பன் குடுத்தது. சொன்ன பேச்சு கேக்காத கட்டவெரல்."

"எட்டுமா?"

"எட்ட வெப்போம்."

அப்பாவின் துப்பாக்கியிலிருந்து பழைய சட்டத்தைக் கழற்றினார். ஸ்பிரிங் பறந்துவிடாமல் இருக்க ஒரு கம்பித் துண்டைச் செருகினார். கடைசித் திருகு வரும்போது உள்ளங்கையை அடியில் ஏந்தினார். கடுகளவு ஊசி ஒன்று அதில் வந்து விழுந்தது. "இந்தக் குட்டிச் சனியன் கீழ விழுந்திருந்தா, பிஸ்கட் முழுங்கியிருக்கும். ஒருதடவ முழுங்கிட்டு ரெண்டு நாள் என்னக் காக்க வெச்சான்." கழற்றிய சட்டத்தை ஒரு துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். பிறகு புது வார்ப்பில் சாயம் பூசி நீட்டினார்.

பிடித்தேன். விட்டேன். என் உள்ளங்கை முழுக்க நீலம்.

"கண்ணு, இது துப்பாக்கி புடிக்கிற கை இல்ல. மலையில கயித்தப் புடிச்சுத் தொங்குறவ கை."

"எப்பவும் இப்படித்தான் புடிப்பேன்."

"ஏப்ரல்ல இருந்து இப்படித்தான் புடிக்கிற. ஸ்டியரிங்க, காப்பிக் கப்ப, கதவுக் குமிழ. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன். தொப்பி எங்க?"

"வண்டியில."

"எடுத்துட்டு வா. சனிக்கிழம அதுவும் கையில இருக்கும்ல? அப்ப அளவும் அதோடதான்."

சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. விளிம்பில் அப்பாவின் விரல்கள் பிடித்துப் பிடித்து ஓர் இடம் மழமழப்பாகியிருந்தது. அதை நசுக்காமல் இடது கையில் வைத்துக்கொண்டேன். ஒரு கை அவ்வளவு கவனமாக இருக்கும்போது மறு கையால் முரடாக இருக்க முடியாது. வலது கை தானாக இளகியது. மறுபடி சட்டத்தைப் பிடித்தேன். விட்டேன். நீலம் மூன்றே இடங்களில் விழுந்திருந்தது.

டெல்ஃபா மேசையை ஓங்கித் தட்டினார். பிஸ்கட் எழுந்து குரைத்தது. "பாத்தியா, பாத்தியா? மூணே எடம். இப்பதான் கை பேசுது."

அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காலைப் பேருந்தை விட்டுவிட்டு அவர் வருவதற்கு முன்பே பட்டறை வாசலில் நிற்பேன். அவர் அரம் போடும்போது எஃகோடு பேசுவார். "இன்னும் கொஞ்சம் குடு செல்லம். கஞ்சத்தனம் பண்ணாத." அரத்தைத் தள்ளும்போது மட்டும்தான் அமுக்குவார், இழுக்கும்போது தூக்கிவிடுவார், ஆகவே பேச்சும் அந்தத் தாளத்தில் துண்டு துண்டாக வரும். மதியம் பள்ளிச் சமையலறையிலிருந்து மாட்டிறைச்சி மிளகாய்க் குழம்பும் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் டப்பாவில் கொண்டுவருவார். ரொட்டியைக் குழம்பில் முக்கித் தின்றுகொண்டே ஒரு கண்ணை மூடி, வைஸ் இடுக்கியில் மாட்டிய சட்டத்தின் வளைவை மறு கண்ணால் பார்ப்பார். திடீரென்று ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அரத்தை இரண்டு தள்ளு தள்ளுவார். மறுபடி ரொட்டி.

புதன்கிழமை துப்பாக்கியில் சட்டத்தைத் தற்காலிகமாகப் பூட்டி என்னிடம் தந்தார். தொப்பி இடது கையில். வலது கட்டைவிரலை நீட்டினேன். ஹாமரின் நுனி விரலின் முதல் மடிப்பில் வந்து உட்கார்ந்தது. இழுத்தேன். குண்டு உருளை ஓர் அறை நகர்ந்து பூட்டிக்கொண்டது. மறுபடி. மறுபடி. குழல் அசையவே இல்லை.

"நிறுத்தாத," என்றார் டெல்ஃபா. நாற்காலியின் நுனியில் இருந்தார். "நூறு தடவ வேணா பண்ணு. எனக்குச் சலிக்காது."

மூட்டு ஒன்றுதான் பாக்கி. சட்டத்தின் பின்பக்கம், ஹாமருக்கு இருபுறமும் ஏறி உட்காரும் இரண்டு காதுகள் உண்டு. வார்ப்பில் அவை துப்பாக்கியின் உடலைவிடச் சற்றே புடைத்து வரும். எல்லாத் திருகுகளையும் முறுக்கி, உடலின் விளிம்பை ஒட்டிக் காதில் ஊசியால் கோடு கீறி, கழற்றி, கோடுவரை அரத்தால் எடுக்க வேண்டும். திருகுகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முன்னால் இருப்பது முதலில், அப்புறம் அடியில் இருப்பவை, காதுகள் கடைசி. காதை முதலில் முறுக்கினால் சட்டம் பின்னுக்கு இழுபட்டு உட்காரும், கோடு தப்பான இடத்தில் விழும்.

வியாழக்கிழமை காலை டெல்ஃபா திருகுகளை முறுக்கிக்கொண்டே மாநிலப் போட்டிக் கதையைச் சொன்னார். எங்கள் கிளப்பை நடத்தும் மெர்ல் ஓடம், ஓய்வுபெற்ற பல் டாக்டர், அன்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"உங்கப்பன் நிக்கிறான். எப்பவும் போல 'அவசரம் இல்ல'ன்னு சொல்லிட்டு ஆரம்பிக்கிறான். ஒன்னு சுட்டான். தொப்பிய சரி பண்ணான். ரெண்டு சுட்டான். மேகத்தப் பாத்தான். நாலாவது குண்டுல நேரக் கருவியோட பாட்டரியே செத்துப்போச்சு."

"பொய்."

"பிஸ்கட் மேல சத்தியம். மெர்ல் காருக்கு ஓடி பாட்டரி எடுத்துட்டு வர்றான், மூச்சு வாங்குது. உங்கப்பன் துப்பாக்கிய நீட்டுனபடி அப்படியே நிக்கிறான். 'அவசரம் இல்ல மெர்ல், நிதானமா மாட்டு'ங்கறான்."

ஏப்ரலுக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். டெல்ஃபாவும் சிரித்துக்கொண்டே கோடு கீறினார், கழற்றினார், அரம் போட்டார்.

மறுபடி பூட்டியபோது இடது காது உடலுக்குக் கீழே இறங்கியிருந்தது. டெல்ஃபா கண்ணை மூடிக்கொண்டு நகத்தை மூட்டின் குறுக்கே ஓட்டினார். நகம் தடுக்கி நின்றது.

கூரைத் தகட்டில் காற்று அடிப்பது கேட்டது.

"காத மொதல்ல முறுக்கிட்டேனா?"

"தெரியல. நான் சிரிச்சுட்டு இருந்தேன்."

"முறுக்கிட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துணியில் இருந்த சாயம் கண்ணாடிக்கு ஏறியது. அதை அப்படியே மாட்டிக்கொண்டார். "இத்தன வருஷத்துல இத நான் பண்ணதில்ல, மாரிட்."

"என்ன பண்ணலாம்?"

"துப்பாக்கியோட ஒடம்ப அரத்தால எறக்கி, காதுக்குச் சமமா கொண்டுவரலாம். அரை மணி நேர வேல." இருவரும் அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தோம். உடலை இறக்கிவிட்டால், அப்பாவின் கைக்கென்று செய்த அந்தப் பழைய சட்டம் இந்தத் துப்பாக்கியில் இனி ஒருபோதும் ஒழுங்காக உட்காராது.

"வேற?"

"புது வார்ப்பு வரவழைக்கணும். சனிக்கிழம போயிடும்."

"காதுல உலோகத்த ஏத்தினா?"

"அது நகத்துக் கனம்டி. நெருப்பக் காட்டினா ஒழுகிடும். நான் வேலிக் கம்பம் தவிர எதையும் பத்தவெச்சதில்ல."

"நான் பத்தவைக்கிறேன். வெல்டிங் மெஷின் என் வண்டியில இருக்கு."

டெல்ஃபா என் கையைப் பிடித்தார். விரல்களை நீட்டவைத்து, நுனிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நடுக்கம் இருக்கிறதா என்று பார்த்தார்.

"இல்ல. போடு."

ஒரு செப்புக் கட்டையைக் காதுக்குப் பின்னால் இறுக்கினேன். சூட்டை அது வாங்கிக்கொள்ளும். மின்சாரத்தைக் குறைக்க முடிந்தவரை குறைத்தேன். எல்லாம் சரி, காற்று மட்டும் சரியில்லை. எங்கள் ஊர்க் காற்று கதவிடுக்கில் புகுந்து, உருகும் உலோகத்தைக் காக்கும் வாயுவை அள்ளிக்கொண்டு போனது. முதல் துளி புகைந்து கறுத்தது. துடைத்தேன். டெல்ஃபா குதிரைக் கம்பளி ஒன்றை உருவி, இரண்டு கைகளையும் விரித்துச் சுவர் போல என் முதுகுக்குப் பின்னால் நின்றார். கதவின் அடியிடுக்கில் பிஸ்கட்டைப் படுக்கவைத்தார்.

"டேய், அசஞ்ச, ஒனக்கு இன்னிக்கு எலும்பு கெடையாது."

முகமூடியை இறக்கினேன். ஒரு துளி. ஊசிமுனை அளவு வெளிச்சம், அதற்குள் எஃகு பளபளவென்று உருண்டது, உட்கார்ந்தது. நிறுத்தினேன். ஆறவிட்டேன். பக்கத்தில் அடுத்த துளி. காதின் விளிம்பு சிவந்தது, வளையவில்லை. இன்னொன்று. கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. கடைசித் துளி உட்கார்ந்ததும் முகமூடியைத் தூக்கினேன். சின்ன மீன்முட்டைகள் போல ஒரு வரிசை. ஓட்டை இல்லை, விரிசல் இல்லை.

"பாக்கலாமா? நான் பாக்கலாமா?" என்றார் டெல்ஃபா கம்பளிக்குள்ளிருந்து.

"பாருங்க."

பார்த்தார். மேசையைத் தட்டவில்லை. சட்டத்தை இடுக்கியால் எடுத்து, மெதுவாக ஆறட்டும் என்று காய்ந்த மணல் நிரப்பிய காப்பி டப்பாவில் புதைத்தார்.

"இந்த எஃகுக்கு அதெல்லாம் தேவையில்ல, டெல்ஃபா. தானா ஆறும்."

"எனக்குத் தேவ."

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. டப்பாவைத் தொடக் கூடாது என்று எனக்கும், என்னைத் தொடவிடக் கூடாது என்று பிஸ்கட்டுக்கும் சொல்லிவிட்டு ஓடினார். வழக்கமாக ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு தாயோடு பேசிவிட்டு வருபவர். அன்று பேருந்தைக் கொட்டகையில்கூட விடாமல் நேரே பட்டறை வாசலுக்கே ஓட்டிவந்து நிறுத்தினார். "ஒரு வார்த்த பேசல. எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு ஊரே பயந்து கெடக்கும்."

மறுநாள் காலை திருகுகளை மறுபடி முறுக்கினார். "முன்னாடி. அடியில. அடியில. காது கடைசி." ஒவ்வொன்றையும் உரக்கச் சொன்னார். நான் வாய் திறந்தபோது ஸ்குரூ டிரைவரை நீட்டி அடக்கினார். "திருகு முறுக்கறப்ப உங்கப்பன் பேச்சு கெடையாது." கோடு கீறினார். காதுகளை எடுத்தார். துப்பாக்கியின் உடலைப் பித்தளைத் தகட்டால் போர்த்தி, சட்டத்தை அதோடு பூட்டியபடியே எமரித் தாளால் தேய்த்தார். தனியாகக் கழற்றித் தேய்த்தால் விளிம்பு மழுங்கி, மூட்டில் பள்ளம் தெரியும். தாள் மாறிக்கொண்டே வந்தது, ஒவ்வொன்றும் முந்தையதைவிட நைசு. தேய்க்கிற சத்தமும் மெலிந்துகொண்டே வந்தது. தகட்டை எடுத்தார். கருநீல உடல், அதற்குக் கீழே வெள்ளி போலப் புதுச் சட்டம். கண்ணை மூடி நகத்தை ஓட்டினார். ஓட்டிக்கொண்டே போனார்.

"எங்க இருக்கு மூட்டு?" என்றார். "எனக்குத் தெரியல. நீ சொல்லு."

நானும் கண்ணை மூடி ஓட்டினேன். எனக்கும் தெரியவில்லை. அப்போது மேசையைத் தட்டினார், பிஸ்கட் குரைத்தது, தட்டில் இருந்த திருகுகள் எல்லாம் துள்ளின.

சனிக்கிழமை காற்று மேற்கிலிருந்து அடித்தது. கிளப் முழுவதும் கயிற்றுக்குப் பின்னால் நின்றது. இரும்புத் தட்டுகள் மேட்டின் அடியில் வரிசையாகத் தொங்கின. ஐந்து குண்டுகளைப் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வந்தேன். இடது கையில் தொப்பி.

"தாமத ரயில் வந்தாச்சா?" என்று கூப்பிட்டார் மெர்ல். இறந்தவரின் பெயரைத்தான் கூப்பிட வேண்டும்.

"அவசரம் இல்ல," என்றேன்.

கட்டைவிரல் ஹாமரை எட்டியது. முதல் தட்டு மணி போல ஒலித்தது. இரண்டாவதும். மூன்றாவது குண்டு மண்ணைக் கிளப்பியது. தொப்பியை இறுக்கியிருந்தேன் போலிருக்கிறது, விளிம்பு மடங்கியிருந்தது. இடது கையைத் தளர்த்தினேன். வலது கையும் தளர்ந்தது. நான்காவது ஒலித்தது. ஐந்தாவதற்கு ஹாமரை இழுத்துவிட்டு நின்றேன். காற்று ஒரு வீச்சு வீசி ஓயட்டும் என்று காத்திருந்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது.

"மெர்ல், பாட்டரி இருக்கான்னு பாத்துக்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கயிறு நெடுகச் சிரிப்பு ஓடியது. நானும் சிரித்தேன். சிரித்தபடியே சுட்டேன். கடைசித் தட்டு ஒலித்துக்கொண்டே இருந்தது.

மெர்ல் வந்து தொப்பியை வாங்கி அடியில் பிடித்தார். காலித் தோட்டா உறைகளை ஒவ்வொன்றாக அதற்குள் தள்ளினேன். துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, தொப்பியோடு கயிற்றுக்கு வந்தேன். டெல்ஃபா கடைசியில் நின்றிருந்தார். கண்ணாடியில் இன்னும் நீலம்.

கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டார். பார்ப்பதற்கு வசதியாக உள்ளங்கையை நானே வெளிச்சத்துக்குத் திருப்பினேன். அவர் குனிந்து பார்க்கவில்லை. கட்டைவிரல் எதையும் அமுக்கவில்லை. மேட்டின் அடியில் இன்னும் ஆடிக்கொண்டிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தது, நீலக் கை," என்று கூப்பிட்டார் மெர்ல். சற்றுப் பொறுத்து மறுபடி கூப்பிட்டார்.

டெல்ஃபா திரும்பவில்லை. மற்றொரு கையைத் தலைக்குமேல் உயர்த்தி, நீல உள்ளங்கையை மெர்லுக்குக் காட்டி, இரு என்றார்.